பத்மநாதனின் ஒருநாள் ஷெவர்லே

பத்மநாதனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. என்றாலும் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிற செட் ஒன்றில் ஆறு வருடமாக வேலை. யாராவது கேட்டால் மட்டும், "அது இப்போதைக்கு" என்பான். பெற்றோல் செட்காரன் என்ற பேர் அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள். அதனால்தான் 1989இல் தங்கை சிவகௌரியின் கலியாணத்துக்கு, சனம் வாயைப் பிளக்கட்டும் என்று, ஐம்பத்தேழாம் ஆண்டு ஷெவர்லே கார் ஒன்றை ஒரு வெள்ளைக்காரரிடம் வாடகைக்குப் பிடித்தான்.

பிடித்துவிட்டுச் சும்மா இருந்தானா? ஒரு மாதமாக எல்லோர் காதையும் தின்றான். இரண்டு கதவு வண்டியென்றால் பட்டுச்சேலையோடு பின்சீற்றுக்குள் நுழைய ஏலாதாம். கூரை மடிக்கிற வண்டியில் காற்று கொண்டையைப் பிய்த்துவிடுமாம். ஸ்டேஷன் வேகன் மரக்கறி ஏற்றத்தான் சரியாம். நாலு கதவு, நடுவில் தூணில்லாத ஹார்ட்டொப்தான் மணப்பெண்ணுக்கு வாய்த்ததாம். எட்டு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலே கியர், அதுவும் இரண்டே கியர், தானாக மாறும்!

"புறப்பட முதல் பெற்றோல் அடி" என்று சொல்லித்தான் வெள்ளைக்காரர் சாவியைக் கொடுத்தார். கலியாணத்தன்று காலை பத்மநாதன் காரை நாலு தரம் சுற்றிவந்தான். பெற்றோல் தாங்கியின் மூடியைக் காணவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் பெற்றோல் செட்காரனுக்கு மூடி தெரியாதா என்று அந்த மனிசன் சிரிப்பாரே! தாங்கியில் கிடக்கிறது காணும், போய்ச் சேரலாம் என்று வட லண்டன் எட்மண்டனிலிருந்து தங்கையை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டான். நோர்த் சர்குலர் வீதியில் கார் இருமிவிட்டு நின்றது.

முகூர்த்தத்துக்கு ஐம்பது நிமிடம். தகப்பன் இல்லாத பிள்ளை. தாரை வார்க்க வேண்டியவனும் அவன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, கிட்ட இருந்த செட்டில் ஒரு கேன் பெற்றோல் வாங்கி வந்தான். வந்து, திரும்பவும் காரைச் சுற்றத் தொடங்கினான்.

"எங்கை அண்ணை ஊத்துறது?" சிவகௌரி இறங்கிவிட்டாள்.

"பொறு, பொறு. பாக்கிறன்."

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோவன்! நேரம் போகுது!"

"தெரியாதடி" என்றான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

மறுபடி ஓடினான், போன் பெட்டிக்கு. வெள்ளைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்து முடித்து, "பின்பக்கம், இறக்கை மாதிரி எழும்பி நிற்கிற இடது செட்டையின் நுனித் தகட்டை இழு" என்றார். இழுத்தான். உள்ளே மூடி சமத்தாக உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் ஊற்றியதில் பாதி தாங்கிக்குள், பாதி கையில்.

மண்டபத்தில் ஐயர் கத்திக்கொண்டு நின்றார். கை கழுவ எங்கே நேரம்? தாரை வார்க்கத் தங்கையின் கையைப் பிடித்ததும் பெற்றோல் மணம் குப்பென்று எழும்பியது. மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார். எந்தப் பேரை மறைக்க இவ்வளவு பாடுபட்டானோ, அது மணவறைக்கே வந்துவிட்டது. பத்மநாதன் கூனிக் குறுகிக் கையை இழுத்தான்.

சிவகௌரி விடவில்லை.

"இந்த மணத்தாலைதானே அண்ணை ஆறு வருஷமா எங்கட வீட்டிலை உலை கொதிச்சது" என்றாள், முன்வரிசை முழுக்கக் கேட்க. "பிடியுங்கோ வடிவா."

அவன் வடிவாகப் பிடித்தான். ஐயர் செம்பைச் சரித்தார்.