பீடத்துக்கு வந்த பேர்

ஆட்டன்ஃபெல்ட் ஊரின் புனித வீட்டுஸ் தேவாலயத்துக்கு அறுநூறு வயது. அதன் உட்புறத்தை உள்ளூர்ச் சுண்ணக்கல்லால் புதிதாக அமைக்கப் பங்குப் பேரவை முடிவெடுத்தபோது, பலிபீடமும் வாசக மேடையும் வென்டெலினுக்குப் போயின. தரை வால்புர்காவுக்கு வந்தது.

இருவரும் ஒரே பட்டறையில் ஒன்றாகக் கல்வேலை படித்தவர்கள். தேர்வில் முதலாவதாக வந்தவள் அவள்தான். அதை அவள் மறந்ததே இல்லை.

"நீ போடற தரை மேலதான் என் பீடம் நிக்கப்போவுது, புர்கல். பாத்துப் போடு" என்றான் வென்டெலின்.

"உன் பீடத்த எவன் பாக்கப்போறான்? கால் வழுக்கினா தரையத்தான் பாப்பான்" என்று சிரித்துவைத்தாள். வயிறு எரிந்தது.

தரைக்குக் கல் பார்க்க ஒருநாள் காலையில் குவாரிக்குப் போனாள். விடிய விடிய மழை. வென்டெலின் பீடத்துக்கென்று குறித்திருந்த பாறை காய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஈரமாகவே நின்றது. உள்ளே கீறல். மத்தியானம் அவன் வந்தபோது வெயில் அந்தக் கோட்டைக் குடித்துவிட்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்ல கல்லுப்பா" என்றாள்.

ஆயர் வந்து பீடத்தை நேர்ந்தளிக்கும் சடங்குக்கு மூன்று வாரம் இருக்கையில், புனிதரின் திருப்பண்டமான எலும்புத் துண்டை வைக்கக் குழி குடையும்போது ஒரு மூலை பெரிய ரொட்டி அளவுக்குப் பிளந்து விழுந்தது. சேதி கேட்டு வால்புர்கா இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேறு கல் அறுக்க நேரமில்லை. உடைந்த முகத்தை உளி படாமல் அப்படியே விட்டு, மற்ற பக்கங்களை மட்டும் இழைத்தான் வென்டெலின்.

பங்குத்தந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆண்டவர் அப்பத்தப் பிட்டுக் கொடுத்த மாதிரியே இருக்குய்யா!"

ஆயர் பீடத்துக்கு எண்ணெய் பூசிய அன்று சனம் வரிசையில் நின்று அந்த உடைசலைத் தடவியது. எல்லோரும் அவள் தரைமேல்தான் நின்றார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அவள் செய்த துரோகம் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விருந்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தக் கீறல் எனக்கு முன்னாடியே தெரியும், வென்டல். பொறாமையில சொல்லல."

அவன் பீர்க் குவளையைக் கீழே வைத்தான். "ஒழிஞ்சேன்னு நெனச்சேன்டி. கடைய மூடிடலாம்னுகூட நெனச்சேன்." எழுந்தான். "இனிமே என் வேலைக்குத் தரை போட நீ வர வேண்டாம்."

சொன்னபடியே செய்தான். அடுத்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியும் அவனுக்கே கிடைத்தது. தரையை வேறொருவர் போட்டார்.

ஒரு ஞாயிறு வால்புர்கா அங்கே பூசைக்குப் போனாள். தொட்டி அழகாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம் பிடித்தது. முழந்தாளிட்டபோது தரைக்கல் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு கல் நகக்கண் அளவு தூக்கியிருந்தது.

அன்று மத்தியானம் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.