எண்டோலாவில் கொடுத்த இரத்தம்

சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டின் எந்திரத்தை இருபத்தேழு ஆண்டுகள் ஓட்டியவர் கசோண்டே. மூத்த மகள் முதாலே. அதனால் செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் எங்கள் தெருவுக்கு அவர் பாஷி முதாலே, முதாலேயின் அப்பா; அவர் மனைவி பானா முதாலே, முதாலேயின் அம்மா. கூண்டில் நாற்பது பேர் இருப்பார்கள். எந்திர அறையில் இருப்பவருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஆழம் காட்டும் முள் மட்டும்தான் தெரியும். முள் நிற்கும் இடத்தில்தான் ஆட்களும் நிற்கிறார்கள் என்று நம்பி ஓட்டினார். ஒரு விபத்தும் நடக்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் பெருங்குடலில் புற்றுநோய். அறுத்து எடுத்தபின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் எட்டுச் சுற்று. இடையிடையே இரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தை அளந்தார்கள். இந்த வகைக் கட்டி இருந்தால் அது பெரும்பாலும் கூடும். கட்டி இல்லாதவர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் ஐந்துக்குள். அறுவைக்கு முன் அவருக்கு முப்பத்தெட்டு. மூன்றாம் சுற்றுக்குப் பின் நாலு புள்ளி ஒன்று.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிறு ஆராதனையில் எழுந்து, கர்த்தர் தன்னை முழுக்கக் குணமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள்.

சாட்சி சொன்னவர் மருந்து அறையில் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே. நாலாம் சுற்றுக்குத் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு போனார். ஐந்தாவதற்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கும் சிஷா, சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஆகவே மினிபஸ் பிடித்துப் பக்கத்து நகரமான எண்டோலாவுக்குப் போய் ஒரு தனியார் லேப்பில் கொடுத்தார். எட்டு புள்ளி ஒன்பது என்று வந்தது. ஐந்தாம் சுற்றுக்கு அவர் போகவில்லை.

"சாட்சியும் சொல்லிட்டு மருந்தும் எடுத்துக்கிட்டேன். நான் நம்பலைன்னு கர்த்தர் நோயைத் திருப்பிக் கொடுத்துட்டார்," என்றார் மனைவியிடம்.

ஒரு வாரம் கழித்து, மருந்து அறையின் சிஸ்டர் ஜெரே வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் ங்கோனி, இவர் பெம்பா. இந்த இரண்டு இனத்தாரும் சாவு வீட்டில்கூட ஒருவரையொருவர் கேலி செய்யலாம். பெம்பாக்காரரைக் குரங்கு தின்னி என்பார்கள், ங்கோனிக்காரரை எலி தின்னி என்பார்கள்; யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"குரங்கு தின்னி வீட்ல இருக்காரா, மரத்துல ஏறிட்டாரா?"

"எலி பிடிக்க வந்துட்டா. பொந்தை மூடு," என்றார் உள்ளேயிருந்து. குரலில் தெம்பில்லை. சிஸ்டர் உட்கார்ந்ததும் காகிதத்தைத் தள்ளினார். "முள்ளு ஏறிடுச்சு. இனி மருந்து எதுக்கு?"

"இது எந்த லேப்?"

"எண்டோலா."

"நம்ம லேப்புக்கு என்ன கேடு?"

பானா முதாலே சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். "அங்க சிஷா இருக்காளே. அவளுக்குப் பயந்து ஒரு மணி நேரம் பஸ்ல போனார், வீரர்."

சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்த மெஷின் வேற, அது அளக்கிற முறை வேற. ஒரே ரத்தத்தை ரெண்டுலயும் வச்சா ரெண்டு நம்பர் வரும். இங்க எடுத்ததை இங்க எடுத்ததோடதான் வச்சுப் பார்க்கணும். மருந்து ஏத்துற காலத்துல அதுவா ஏறி இறங்குறதும் உண்டு."

"அப்ப திரும்பி வரலைங்கிறியா?"

"அப்படிச் சொல்லலை. தெரியாதுங்கிறேன். திரும்பத் திரும்ப எடுத்து, ஏறிக்கிட்டே போகுதான்னு பார்ப்பாங்க. ஸ்கேன் எடுப்பாங்க. ஒத்தை நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஒத்தை முள்ளைப் பார்த்துத்தான் இருபத்தேழு வருஷம் ஓட்டினேன்."

"கூண்டுக் கயிற்றை யாரும் பார்க்கலையா?"

"அதைத் தினம் காலையில வேற ஆள் பார்ப்பான்," என்றவர் எண்டோலாக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "திங்கட்கிழமை வர்றேன்."

திங்கட்கிழமை சிஷாவே இரத்தம் எடுத்தாள். "குணமாயிடுச்சுன்னு சொன்னீங்களே, அப்பா?"

"அவசரப்பட்டுட்டேன். இன்னும் நாலு சுற்று பாக்கி இருக்கு."

"கையை மடக்கிப் பிடிங்க," என்றாள் அவள்.

நாலு புள்ளி ஆறு. டாக்டர் அதைக் கோப்பில் நாலு புள்ளி ஒன்றுக்குக் கீழே எழுதினார். அடுத்த மாதம் ஸ்கேனுக்கு நாள் குறித்தார்.

"இது ஏத்தமா, இல்லையா?" என்று பாஷி முதாலே கேட்டார்.

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாது. ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு, உள்ள போங்க," என்றார் டாக்டர்.

மருந்து அறைக் கதவு திறந்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.