ஆலை வீட்டின் முதல் விருந்தாளி

கும்பகோணத்துக்கு அருகே, மூடிப்போன அரிசி ஆலையின் தொழிலாளர் குடியிருப்பில், புதுப்பித்த ஓட்டு வீடு ஒன்றில் ஓர் இரவு வாடகைக்குத் தங்குகிறேன். சாவி தரும் செல்வியக்கா இந்த ஆலையில் நெல் அவித்தவர். இதே வீட்டில் ஏழு பேரோடு வாழ்ந்தவர். இப்போது வீடு அவருடையது. நான்தான் முதல் விருந்தாளி.

“நாங்க இருந்தப்ப ஜன்னலே கிடையாதுங்க. முதல் வேலையா அதைத்தான் வச்சேன்,” என்கிறார். “நீங்க நல்லா தூங்கி எழுந்தீங்கன்னா, பக்கத்து வீட்டையும் எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன்.”

வயல் காற்று ஜன்னல் வழியே வருகிறது. படுத்ததுதான் தெரியும்.

காலையில் சத்தம் கேட்டு வெளியே வருகிறேன். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒருவர் ஓடு பிரித்துக் கொடுக்க, அக்கா கீழே வாங்கி அடுக்குகிறார்.

“தூங்கினேனான்னு கேட்கவே இல்லையே, அக்கா?”

“வாசல் வரைக்கும் குறட்டை கேட்டுச்சுங்க,” என்று சிரிக்கிறார்.