சனிக்கிழமை வரை மாத்திரை காத்திருக்காது

இன்று காலை டெல்லி மெட்ரோ. வெளியே பனிமூட்டம். ஜனக்புரியே கரைந்துபோய், பெட்டி மட்டும் வெண்மைக்குள் மிதந்துகொண்டிருந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அந்தத் தூக்கத்துக்குள் தமிழ் கேட்டது.

பக்கத்தில் ஒரு ஜோடி. இருவர் கழுத்திலும் ஆபீஸ் அட்டை.

"காண்டம் கிழிஞ்சு ஒன்றரை நாளாச்சுடா. எனக்கு பயமா இருக்கு."

"நம்ம ஏரியா கெமிஸ்ட் அப்பாவோட தோஸ்துடி. சனிக்கிழமை வேற எங்கயாவது மாத்திரை வாங்கித் தரேன்."

டெல்லியில் தமிழில் பேசினால் பூட்டிய அறைக்குள் பேசுவது மாதிரி என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அவர்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னேன்:

"சனிக்கிழமை ரொம்ப லேட். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போடணும். சீக்கிரம் போட்டாத்தான் நல்லா வேலை செய்யும்."

கண்ணைத் திறந்தபோது இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர் சீட்டில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் அக்கா குனிந்து சொன்னார்:

"அவரு சொல்றது சரிதாம்மா. போட்டப்புறமும் பீரியட் ஒரு வாரம் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிப் பாத்துரு. தம்பி, அப்பாவுக்குப் பயந்து நீங்களே அப்பா ஆயிராதீங்க. ஜல்தி இறங்குங்க!"

அடுத்த ஸ்டேஷனில் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். இருவரும் பனிக்குள் ஓடி மறைந்தார்கள்.

கதவு மூடியதும், கம்பியைப் பிடித்து நின்றிருந்த சர்தார்ஜி ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, எறங்கிட்டாங்க" என்றார். சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழ்.

அந்தப் பெட்டியில் இன்னும் யாரெல்லாம் இருந்தீர்கள்? கையைத் தூக்குங்கள்.