கொழு கொழு போட்டியில் முதல் பரிசு

என் பழைய ஹாஸ்டல் தோழிகளே, இன்று காரைக்குடியில் நடந்த கொழு கொழு குழந்தைப் போட்டியில் என் மகளுக்கு முதல் பரிசு!

அவளுக்கு மாலை போட்ட கையோடு, நடுவராக வந்த டாக்டரம்மா என் காதருகே குனிந்தார்.

"கொழுப்பு வேணும்தான். சாப்பிடாத நேரத்துல உடம்பு அதுலருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். ஆனா இந்த வயசுல அளவுக்கு மீறி ஊட்டுனா கொழுப்பு செல்லே பெருகிருதாம். பின்னால மெலிஞ்சாலும் அது சுருங்குமே ஒழிய போகாதுன்னு இப்பச் சொல்றாக."

"அப்ப எதுக்குப் பரிசு குடுக்குறீக?"

"போட்டின்னு வச்சா யாருக்காச்சும் குடுக்கணும்ல?"

வீடு திரும்பும் புதுவயல் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளின் தொடை மடிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

கண்டக்டர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். "இவுகளுக்கும் ஒரு டிக்கெட் போடணும் போலயே!"

பஸ்ஸே சிரித்தது. இனிமேல் பாலைக் குறைத்துவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது, அவள் பசித்து வீறிட்டாள். பக்கத்து சீட்டு அம்மா அவள் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"பரிசு வாங்குன பிள்ளையப் பட்டினி போடுறியே ஆத்தா!"

பால் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பரிசு என்னவென்று சொல்லவில்லையே. பெரிய டின் நிறையப் பால் பவுடர்.

உங்கள் வீட்டில் ஒல்லிப் பிள்ளை இருந்தால் இந்தச் சுற்றுக்கடிதத்தின் அடியில் எழுதுங்கள், டின்னை அனுப்பிவிடுகிறேன். சீக்கிரம். டின் மேல் இப்போதே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.