கார் நிறுத்தாத ஒரு சதுரம்

ஸ்காபரோவில் உள்ள எங்கள் பிள்ளையார் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறோம். கார் நிறுத்துமிட வரைபடம் என் பொறுப்பு. தலைவர் சிவா அண்ணைக்கு ஒரு கார் இடம்கூடக் குறையக்கூடாது. இப்படி இடித்துக் கட்டிய உக்ரேனிய ஓர்த்தடொக்ஸ் தேவாலயம் ஒன்றைப் பார்க்கக் கடந்த சனிக்கிழமை இருவரும் போனோம். அன்று மாலை ஏழு மணிக்கு நிர்வாகசபையில் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இப்போதைய மூலஸ்தானம் இருக்கும் இடத்தில்தான் பதினாலாம் கார் வருகிறது. வரைந்தபோது எனக்கு அது உறைக்கவேயில்லை.

எங்கள் பகுதியான வோபர்னிலிருந்து காலை 9.10க்குப் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் 34 கிலோமீற்றர், 55 நிமிடம். சனிக்கிழமைதானே என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு கோப்பி 4 டொலர் 20 சதம்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். குவிமாடம் முழுக்க நீலமும் பொன்னும். மெழுகுதிரி வெளிச்சத்தில் புனிதர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பாளர் ஒக்சானா பழைய கட்டடத்தின் படங்களைக் காட்டினார். கூரை ஒழுகி, சுவர் வெடித்து, திருத்தவே முடியாமல் இடித்தார்களாம். புதியது எழும்பும்வரை பள்ளிக்கூட மண்டபத்தில் வழிபாடு.

"எங்கடை பாலாலயம் மாதிரி," என்று அண்ணை தலையாட்டினார்.

வெளியே கார்கள் நிரம்பியிருந்தன. நடுவில் மட்டும் தாழ்வாகச் சங்கிலி கட்டிய வெறும் சதுரம். அண்ணை சங்கிலியைத் தாண்டிப்போய் அளவுநாடாவை இழுத்தார்.

"உதிலை ஒரு வான் வடிவா விடலாம். சும்மா விட்டிருக்கினம்."

ஒக்சானா ஓடிவந்தார். பழைய பலிபீடம் நின்ற இடம் அது, கட்டடம் போனாலும் அந்த மண்ணை யாரும் மிதிப்பதில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். பனி தள்ளும் வண்டிகூட அதைச் சுற்றித்தான் போகுமாம். எனக்கு எங்கள் பதினாலாம் கார் நினைவுக்கு வந்தது. அண்ணை அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு சங்கிலிக்கு வெளியே வந்தார்.

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி இலவசம், மெழுகுதிரி 2 டொலர். தோள் மூடிய உடை நல்லது. ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

திரும்பும் வழியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணை, பதினாலாம் கார் வாறது எங்கடை மூலஸ்தானத்திலை."

"தெரியும், தங்கச்சி. நீர் கீறித் தந்த அண்டைக்கே கண்டனான். ஒரு கார் கூடுதே எண்டு பேசாமல் இருந்திட்டன்."

ஏழு மணிக்கு ஒரு கார் குறைந்த வரைபடத்தைக் கொடுத்தேன். கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்தார்கள். அண்ணை எழுந்து நின்றார்.

"அவ பிழை விடேல்லை. பிழை விட இருந்தது நான்."