சத்தத்தை அணைத்துவிட்டு வாங்கிய பியானோ

எங்கள் பிளாக்கில் மிக்ஸி போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "அக்கா, உங்க வீட்டுல இன்னிக்கு என்ன ஷிப்ட்டு?" நைட் ஷிப்ட் என்றால் அன்றைக்கு இட்லிக்குச் சட்னி கிடையாது, பொடிதான். நெய்வேலியில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பட்டப்பகலில் பிளாக் முழுக்க ரகசியம் பேசுவதுபோல் பேசுவோம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "என்ன இது, எழவு வீடு மாதிரி இருக்கு" என்பார்கள்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தின் ஆபரேட்டர். அதில் உட்கார்ந்து கொஞ்சம் கண் அசந்தால் என்ன ஆகும் என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய தூக்கம்தான் எங்கள் வீட்டு மூலவர். நானும் மகளும் அதைச் சுற்றி நுனிக்காலில் நடந்தோம். குக்கர் விசில் வரும் முன்பே ஓடிப்போய் அடுப்பை அணைக்கிற வித்தை என் மகளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் எனக்குப் பொழுது போகவில்லை. மொபைலில் நெட் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்திருந்த காலம். யாரோ ஒரு கிழவர் பியானோ சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். நாற்பது வயதில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. நானும் வாசிக்க வேண்டும், அதை நாலு பேர் கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். சின்ன ஆசை என்று அப்போது நினைத்தேன்.

புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் டிஜிட்டல் பியானோ ஒன்றைத் தட்டிக் காட்டினான். கடையே நிறைந்தது.

"தம்பி, அந்த சவுண்ட மொதல்ல ஆஃப் பண்ணு" என்றார் இவர்.

"சார், சவுண்ட் கேட்டுத்தானே சார் வாங்கணும்?"

"எங்க வூட்டுக்கு சவுண்டு வேணாம். ஹெட்போன் சொருவுற ஓட்டை இருக்குதா, அத்த மட்டும் காட்டு."

பையன் அணைத்தான். இவர் குனிந்து கீக்களின் ஓரத்தில் காதை வைத்துக்கொண்டார். "நீ அமுத்து" என்றார். நான் அழுத்தினேன். முதலாவது, எடை உள்ள கீ. அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ளியது. யாரோ கை கொடுத்ததுபோல் இருந்தது. எனக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று.

"இது டொம்மு டொம்முங்குது. அடுத்தது" என்றார்.

"சார், மேடம் புதுசா கத்துக்கறாங்கன்னா இதான் சார் எடுக்கணும். இதுல பழகுனாத்தான் விரல்ல பலம் வரும். லைட் கீயில பழகிட்டு அப்புறம் இதுக்கு வந்தா ரொம்பக் கஷ்டம்."

"இவ என்னா கச்சேரிக்கா போவப் போறா? தையல் மிஷினு கேட்டா, வாங்கிக் குடுத்தேன். இப்ப அதுமேல துணி காயுது. இதுவும் ஆறு மாசம்."

பையன் சிரித்தான். வாடிக்கையாளர் சொன்னதற்குச் சிரிப்பது அவன் தொழில். நானும் சிரித்தேன், எனக்கு அது தொழிலும் இல்லை. கடைசியில் இருப்பதிலேயே இலேசான, சோப்பு டப்பா மூடிபோல் அமுங்குகிற கீக்கள் உள்ள ஒன்றை வாங்கினோம். ஒரு தடவைகூட அதன் சத்தத்தைக் கேட்காமல் பியானோ வாங்கிய ஜோடி நாங்களாகத்தான் இருப்போம்.

வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனுக்குள் சத்தம் அடங்கிவிட்டாலும் பிளாஸ்டிக் கீக்கள் தட் தட் என்று அடித்துக்கொண்டன. முதல் வாரமே உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"டைப்ரைட்டிங் கிளாஸா நடத்திகினு இருக்க?"

அதற்கப்புறம் கீ அடியைத் தொடாமல் அழுத்தப் பழகினேன். மெதுவாக அழுத்தினால் மெதுவாகத்தான் ஒலிக்கும் என்பதால் ஹெட்போனில் ஒலியை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டேன். என் காதுக்குள் நான் நன்றாகவே வாசித்தேன். இரண்டு கையும் சேர்ந்து ஒரு பாடம் முழுதாக வந்த அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படிப் போனது. இனி யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று தைரியம் வந்து, பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவைத் தேடிப் போனேன். வேறு பிளாக்கில் இருந்தார். அவர் வீட்டில் இருந்தது எடை உள்ள பியானோ. உட்கார்ந்து என் பாடத்தை வாசித்தேன். பாதி ஸ்வரங்கள் எழும்பவே இல்லை. எழும்பிய மீதியும் பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல் கேட்டது.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீ வாசிக்கிறியா, தடவுறியா?"

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கீயப் பாத்து எதுக்கும்மா இவ்வளவு பயம்? ஒண்ணுமே தெரியாம வந்திருந்தா கத்துக் குடுத்திருப்பேன். இப்ப மொதல்ல நீ கத்துக்கிட்டதை மறக்க வைக்கணும். என்னால ஆகாது. வேற யாரையாவது பாரு."

காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிந்தது.

சொல்லி அழ வேறு ஆள் இல்லாமல் இவரிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் அவர் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வூட்டுல ஒருத்தி ஒரு வருசமா பியானோவ தடவிகினு இருந்திருக்கா. டீச்சரே சொல்லிட்டாங்க" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் நாத்தனார் விடவில்லை. "அதுக்கு எங்க அண்ணன் கால தடவி வுட்டிருந்தா, அதுவாச்சும் நல்லாத் தூங்கியிருக்கும் அண்ணி!"

நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வாளியைக் கவிழ்க்கவில்லை. சிரித்த ஒவ்வொரு இலைக்கும் கேட்டுக் கேட்டு ஊற்றினேன். அந்த ஊரில் எனக்கு இன்னும் நல்ல பெயர்தான்.

அடுத்த வாரம் அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது தனியாகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். பணம் நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. அதே கடை, அதே பையன்.

"சார் வரலையா மேடம்?"

"சார் தூங்கறாரு. நீங்க சவுண்ட முழுசா வைங்க."

எடை உள்ள கீக்கள் உள்ள ஒவ்வொன்றிலும் என் பாடத்தை அழுத்தி அடித்துப் பார்த்தேன். கிதார் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதில் சத்தம் நெஞ்சில் வந்து இடித்ததோ, அதைக் காட்டினேன்.

"இதுக்கு ஹெட்போன் ஃப்ரீ மேடம். வேணுமா?"

"கண்டிப்பா வேணும்" என்றேன்.

இன்னொரு நாள், கடையில் நான் சொல்லி வைத்தபடி, அவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு பியானோ வந்து சேர்ந்தது. உள்ளறைச் சுவரை ஒட்டி நானே இடம் காட்டினேன். காலையில் வந்தவர் கதவிலேயே நின்றுவிட்டார்.

"இது ஏது?"

"பியானோங்க. பழசை எதிர்வீட்டுப் பாப்பா விளையாடக் குடுத்துட்டேன்."

"சத்தம்?"

ஹெட்போனைப் பெட்டியோடு அவர் கையில் வைத்தேன். "இது உங்களுக்குங்க. மாட்டிகினு படுங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குளித்துச் சாப்பிட்டுப் படுத்தார். நான் வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டேன். "அக்கா, இன்னிக்கு என்ன ஷிப்ட்டு?"

"ஜெனரல் ஷிப்ட்டுதான். ஆளு கெளம்பிட்டாரு."

எதிர்வீட்டிலும் கேட்டேன். அங்கேயும் யாரும் தூங்கவில்லை. திரும்பி வந்து, குறட்டை ஆரம்பிக்கும்வரை பொறுத்திருந்து, ஒலியை முழுதாக ஏற்றிவிட்டு வாசித்தேன். மட்டமாகத்தான் வாசித்தேன். விரல் வலித்தது, தப்புத்தப்பாக விழுந்தது. ஆனால் எல்லாம் கேட்டது. உள்ளேயிருந்து கத்தினார். முதலிலிருந்து ஆரம்பித்தேன். எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"தூக்கம் இல்லாம போனா மிஷின்ல என்னா ஆவும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அவர் போய்ப் படுப்பதும் நான் ஆரம்பிப்பதுமாக அன்றைய பகல் போனது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் கண் சிவந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். எதையோ கேட்க வந்து இரண்டு தடவை விட்டுவிட்டார்.

"நாளைக்கும் வாசிப்பியா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கீ அடியைத் தொட்டுவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அழுத்துகிற குரல்.

"வாசிப்பேங்க" என்றேன், பிளாக்குக்கே கேட்கும்படி.